கிட்டாருக்கும் கணினிக்கும் இடையே

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையின் மேல், எலெக்ட்ரானிக் சிட்டி என்றொரு தொழிற்பேட்டை இருப்பதை வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் அறியாதார் சிலரே. உங்கள் உறவினர் ஒருவரேனும் அங்கே வேலை பார்த்திருப்பார். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் முதல் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகாவின் எண்ணப்படி, 1978-ஆம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் ஊர்களில் 332 ஏக்கர் நிலத்தில் அதனை அமைத்தது. 2010-இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் வந்து சேர்ந்தது. மாலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றால் கன்னடமும் தெலுங்கும் ஹிந்தியும் காதில் விழும்; நடுநடுவே நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் விழும்.

இப்பேட்டையைச் சுற்றி எழுந்துள்ள அடுக்கு வீடுகளில் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் பலர் உண்டு. பகலெல்லாம் கணினியின் முன் அமர்ந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் கிட்டாரை மடியில் எடுப்பார்கள். அந்நேரத்தில் பெரிய ஒலிபெருக்கியை முழக்கினால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பாரா? சுவரோ ஒற்றைச் செங்கல் சுவர். ஆகையால் அவர்கள் ஒலிபெருக்கிக்குப் பதிலாக ‘எஃபெக்ட்ஸ் பிராசசர்’ என்னும் சிறு பெட்டியை வாங்கி, அதனைக் கணினியோடு இணைத்து, ஹெட்போனில் கேட்டு வாசிக்கிறார்கள்; வாசித்ததைப் பதிவும் செய்கிறார்கள். அந்த இணைப்பைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம். நாம் கலைப் பட்டதாரி; மொழிபெயர்ப்பு நமது தொழில். இத்துறையை நாம் நாடிச் சென்றதில்லை. நம் குடியிருப்பில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சிதான் இதன் வாசலுக்கு நம்மைக் கொண்டு வந்து விட்டது.

நமக்கு மேல் மாடியில் நாசரேத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாழ்கிறது. சென்ற ஆண்டுக் கோடையில் அவ்வீட்டு ஆச்சி ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினார். எண்பத்திரண்டு வயது. கோவிலில் பாடப்பெறும் தமிழ்க் கீர்த்தனைகள் நூற்றுக்கு மேல் அவருக்கு மனப்பாடம். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, தஞ்சை சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்று விளங்கிய வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களும் அவற்றுள் உண்டு. பாடல்களின் சொற்கள் அச்சிட்ட புத்தகத்தில் இருக்கின்றன. ஆச்சி பாடும் மெட்டுக்கள் இல்லை. உபதேசியாராயிருந்த அவருடைய மாமனாரிடம் கேட்டுக் கற்றவை அவை. இப்போது கோவிலில் வேறு மெட்டில் பாடுகிறார்கள். ஆகவே ஆச்சியின் மெட்டுக்கள் ஆச்சியிடம் மட்டுமே எஞ்சியிருந்தன எனலாம்.

கல்லூரியில் படிக்கும் பேரன் அவற்றைப் பதிவு செய்ய முற்பட்டான். ஆச்சி பாட, தான் கிட்டார் வாசிப்பதென்று ஏற்பாடு. ஒரு மைக், ஒரு கிட்டார், ஒரு பிராசசர், கணினிக்கு முன்னால் வைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டி, எல்லாம் இருந்தன. ஹெட்போன் மாட்டிக்கொள்ள ஆச்சி சம்மதிக்கவில்லை. “காதை அடைச்சிக்கிட்டா சுருதி எப்படிய்யா தெரியும்?” என்றார். அதனால் கிட்டாரின் ஒலி அறையில் ஒரு சிறு ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும்படி செய்தார்கள். இரண்டு நாட்களில் ஒன்பது பாடல்கள் பதிவாயின. ஆச்சி ஊருக்குத் திரும்பினார். பாடல்களின் சொற்களைத் தமிழில் எழுதித் தரும்படி பேரன் நம்மை அழைத்தபோதுதான் நாம் அவற்றைக் கேட்டோம். பேரனுக்குத் தமிழ் பேச வரும். எழுத்து கூட்டித்தான் வாசிக்க வரும்.

கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலும் துணி கிழிவதைப்போல் ஒலித்தது. அந்தக் கிழிசல் ஒலிபெருக்கியின் வழியே அறையில் பரவி, ஆச்சியின் மைக்கிலும் நுழைந்துவிட்டது. கிட்டாரைத் தனியே நீக்கிவிட்டு ஆச்சியின் குரலை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. பதியும்போதே இதனைக் கேட்கவில்லையா என்று வினவினோம். கேட்டதாகவும், சிறிய ஒலிபெருக்கியின் குறை போலும் என்று எண்ணிவிட்டதாகவும் சொன்னான். அவன்மேல் குற்றமில்லை, பலரும் அப்படித்தான் எண்ணுவார்கள். குறை ஒலிபெருக்கியில் இல்லை, ஒரு சிறு பொத்தானில் இருந்தது.

அப்பொத்தானுக்கு வருமுன் அந்தப் பெட்டிகளின் வேலையைப் பார்ப்போம். மின்கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதன்மேல் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் கீழே சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதிதான். அதனை 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிட்டாருக்குப் பொருத்தினார்கள். இவ்வாறு பிறக்கும் மின்சாரம் மிகவும் மெலிந்தது. பிராசசர் அதனை வாங்கி, எதிரொலி சேர்ப்பது, கரகரப்பூட்டுவது, பெரிய ஒலிபெருக்கியின் முன் மைக் வைத்தாற்போல் குணம் மாற்றுவது முதலிய அலங்காரங்களைச் செய்து, முன்னிலும் வலிமையாக வெளியே விடுகிறது. இன்டர்ஃபேஸ் அம்மின்னலையை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது.

இன்டர்ஃபேஸ் என்பதை ‘இடைமுகம்’ என்று எழுதுவது வழக்கம். நாமும் அப்படியே எழுதி வந்தோம். இப்பெட்டியைக் கண்ணால் கண்ட பின் அச்சொல்லில் நமக்குச் சற்று ஐயம் பிறந்தது. முகம் பார்க்கத்தான் செய்யும். இதுவோ அளந்து விடுகிறது. கிராமத்தில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மதகு இருக்கிறதல்லவா, அதன் வேலையைத்தான் இது செய்கிறது. கடைக்காரரிடம் போய் ‘மதகு வேண்டும்’ என்றால் அவர் நம்மை விவசாய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். ஆகையால் சொல்லை மாற்றும்படி நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. பொருளை விளங்கிக்கொள்ள மட்டும் மதகை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மதகு வழியே வரும் வெள்ளம் மூன்று அளவில் வருகிறது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்டு மட்டுமே. ஊற்று நீர் என்று சொல்லலாம். கிட்டாரிலிருந்து நேரே வருவது அதனினும் மிகுதி. மெல்ல மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவிலும், பலமாக அடித்தால் ஒரு வோல்ட்டை நெருங்கியும் வரும். மூன்றாவது, பிராசசர் போன்ற மின்கருவிகள் வெளியே விடுவது. இதனை ‘லைன்’ அளவு என்கிறார்கள். வீட்டுக் கருவிகளுக்கு 0.316 வோல்ட்டும், தொழில்முறைக் கருவிகளுக்கு 1.23 வோல்ட்டும் இதன் நடுமட்டம். உச்சியில் இதனினும் பன்மடங்கு ஏறும். வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவு அறைகளில் முள் ஆடும் அளவுமானிகளைக் கண்டிருப்பீர்கள். பலவற்றில் அம்முள் பூஜ்யத்தில் நின்றால் 1.23 வோல்ட்டு என்பதே கணக்கு.

ஆகவே இன்டர்ஃபேஸின் முகப்பில் துளை ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே வழிகள் வேறு வேறு. மூன்று முள் கொண்ட பெரிய பிளக்கைச் செருகினால் அது மைக்குக்கு உரிய வழியில் செல்லும்; அங்கே ஊற்று நீரை ஆறாக்கும் பெருக்கி காத்திருக்கிறது. கால் அங்குல ஜாக்கைச் செருகினால் வழி இரண்டு. பக்கத்தில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இஸட்’ என்று எழுதிய பொத்தான் இருக்கும். அதனை அழுத்தினால் கிட்டாருக்கு உரிய வழி திறக்கும். அழுத்தாமல் விட்டால் லைன் வழி. அந்தக் கால் அங்குல ஜாக் இருக்கிறதே, அது சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியது. டெலிபோன் நிலையங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த பலகைக்காகப் பிறந்த செருகி அது. அதே செருகியைக் கிட்டாருக்கும் வைத்தார்கள், பிராசசருக்கும் வைத்தார்கள், லைனுக்கும் வைத்தார்கள். எதனுள்ளும் எது வேண்டுமானாலும் பொருந்தும். பொருந்திவிட்டதால் சரி என்று நாம் நினைத்துவிடுகிறோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கிட்டாருக்கு ஏன் தனி வழி? அதன் சுருளில் பிறக்கும் மின்சாரம் கூச்ச சுபாவம் கொண்டது. தன்னிடமிருந்து அதிகமாக எவரேனும் வாங்கினால் சுருங்கிப் போகும். முதலில் மறைவது மேல் ஒலிகளின் தெளிவு. ஆகவே அதனிடமிருந்து மிகமிகக் குறைவாக வாங்கும் வாசல் தேவை. பத்து லட்சம் ஓம் தடையுள்ள வாசல்தான் அந்த ‘ஹை-இஸட்’ என்பது. லைன் வாசலின் தடையோ பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் அளவில் நிற்கும். கிட்டாரை நேரே லைன் வாசலில் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் மங்கிக் கேட்கும். நேயர்களுள் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கலாம்.

ஆனால் நடுவில் பிராசசர் வந்துவிட்டால் நிலைமை வேறு. அந்தப் பத்து லட்சம் ஓம் வாசல் பிராசசரின் முகப்பிலேயே இருக்கிறது. கிட்டாரின் கூச்சம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிராசசரிலிருந்து வெளிவருவது திடமான லைன் வெள்ளம். அதனைக் கொண்டுபோய் மறுபடியும் கிட்டார் வாசலில் விட்டால் என்ன ஆகும்? மெலிந்ததைப் பெருக்குவதற்கு அமைந்த வழியில் ஏற்கெனவே பெருகிய வெள்ளம் பாய்ந்து கரை உடையும். பேரனுடைய பெட்டியில் ‘இன்ஸ்ட்’ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “கிட்டார்தானே வாசிக்கிறோம், கிட்டார் படம் போட்ட பொத்தானைத்தானே அழுத்த வேண்டும்?” என்று அவன் கேட்டான். தர்க்கத்தில் பிழையில்லை. மேலும் அவன் கெயின் திருகைப் பாதிக்கு மேல் திருப்பியிருந்தான். அப்பெட்டியைப் பொறுத்தவரை அதற்குள் வருவது கிட்டார் அன்று, பிராசசர். கம்பியின் மறுமுனையில் எது இருக்கிறது என்பதைப் பார்த்து வாசலைத் திறக்க வேண்டுமேயன்றி, கையில் எது இருக்கிறது என்பதைப் பார்த்து அன்று.

ஆக, செய்ய வேண்டிய முறை இது: ‘இன்ஸ்ட்’ பொத்தானை அணைத்துவிடுக. இன்டர்ஃபேஸின் கெயின் திருகை அடிமட்டத்துக்கு இறக்குக. பிராசசரின் வெளிவாசலிலிருந்து கால் அங்குல ஜாக்கால் இணைத்து, பிராசசரின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, உங்களால் எவ்வளவு பலமாக மீட்ட முடியுமோ அவ்வளவு பலமாக மீட்டிக்கொண்டே கெயினைச் சிறிது சிறிதாக ஏற்றுக. மெல்ல மீட்டி அளவு பார்ப்பதில் பயனில்லை. பாட்டின் உற்சாகத்தில் கை எப்போதும் ஒத்திகையைவிடக் கனமாகவே விழும்.

எவ்வளவு ஏற்றலாம்? கணினித் திரையில் அளவுகோலின் உச்சி பூஜ்யம் டெசிபெல். அதற்குக் கீழே பன்னிரண்டு டெசிபெல் அளவில் உச்ச மீட்டல் நின்றால் போதும். ‘இவ்வளவு கீழேயா? பாதி வீணாகிறதே!’ என்று மனம் பதைக்கும். பதைக்க வேண்டுவதில்லை. 24 பிட் பதிவில் ஒலியின் உயரத்தை 1,67,77,216 படிகளாகப் பகுத்து அளக்கிறார்கள். பன்னிரண்டு டெசிபெல் கீழே நின்றால் உயரத்தில் கால் பங்குதான் பயன்படுகிறது. அப்போதும் 41,94,304 படிகள் இருக்கின்றன. குறைவாகப் பதிந்ததைப் பின்னர் ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தாண்டியதை எவராலும் மீட்க முடியாது. அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று கணினிக்குத் தெரியாது. அதுதான் நாம் கேட்ட துணி கிழியும் ஓசை.

கிழிசல் ஓசையை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டே என்று ஒரு நேயர் கேட்கலாம். உண்டு. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டொன்று நாஷ்வில்லில் பதிவாயிற்று. அப்போது பதிவு மேஜையின் ஒரு வழி பழுதாகி, கிரேடி மார்ட்டினின் கிட்டார் வண்டுபோல் முரன்றது. அதனை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அங்கிருந்த ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு பெட்டியில் அடைக்க முயன்றார். 1962-இல் ‘ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய பிராசசர்களுக்கு அது ஒரு பாட்டி முறை. ஆனால் அந்தக் கரகரப்பு மின்குமிழிலும் டிரான்சிஸ்டரிலும் மெல்ல மெல்ல வளைந்து பிறப்பது. எண்ணாக்கும் பெட்டியில் வெள்ளம் மிஞ்சும்போது பிறப்பது கத்தரிக்கோல் வெட்டு. முன்னதைப் பிராசசருக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸுக்குள் பின்னதற்கு இடந்தராதீர்கள்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். பிராசசருக்கு இடது, வலது என்று இரு வெளிவாசல்கள் இருக்கும். ஆச்சியின் பாட்டுக்கு மைக் ஒரு வாசலை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒன்றே. அப்போது இடது வாசலை மட்டும் பயன்படுத்துக. ‘மோனோ’ என்று அதன்மேல்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். சில பிராசசர்களில் மூன்று முள் வெளிவாசலும் உண்டு. அதிலிருந்து வருவதும் வலிய வெள்ளமாகவே இருக்கக்கூடும். இன்டர்ஃபேஸில் அது மைக் வழியில் நுழையும் என்பதை மறக்கலாகாது. மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டுப் பொத்தான் அவ்வேளையில் அணைந்திருப்பது நலம். மின்சாரம் கொடுக்கும் அடாப்டரை மாற்றிவிட வேண்டாம். பெரும்பாலான கிட்டார்ப் பெட்டிகளில் நடுமுள் எதிர்மின். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பல அதற்கு நேர்மாறானவை.

ஒலிபெருக்கிக் குணம் பற்றி ஒரு வார்த்தை. கிட்டாருக்கென்று செய்த பெரிய ஒலிபெருக்கி ஏறக்குறைய 5,000 அதிர்வுகளுக்கு மேலுள்ளதை வெளியே விடுவதில்லை. நாம் ‘கிட்டார் ஒலி’ என்று பழகியது அந்த வடிகட்டிய ஒலியைத்தான். பிராசசரில் ‘கேபினெட்’ என்னும் பகுதியை அணைத்துவிட்டுக் கரகரப்பை மட்டும் நேரே பதிந்தால் கொசு ரீங்காரம்தான் பதியும். கணினியில் இணைக்கும்போது அப்பகுதி விழித்திருக்க வேண்டும்.

பல பிராசசர்களிலிருந்து யு.எஸ்.பி. கம்பி ஒன்றை நேரே கணினியில் செருகலாம். அப்போது இன்டர்ஃபேஸே வேண்டாம். தனியே கிட்டார் மட்டும் பதிகிறவர்களுக்கு இது எளிய வழி. அளவுத் தொல்லைகளும் குறையும். மைக்கும் சேரும்போதுதான் இன்டர்ஃபேஸ் அவசியமாகிறது. ஏனெனில் இரு பெட்டிகள் தனித்தனியே கணினியோடு பேசினால், நொடிக்கு 48,000 முறை அளக்கும் கடிகாரங்கள் இரண்டாகிவிடும். இரண்டு கடிகாரங்கள் எப்போது ஒத்துப்போயின?

அடுத்து, இரைச்சல். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் 50 அதிர்வு ஓசை, நம் நாட்டு மின்சாரத்தின் ஓசை. மடிக்கணினி ஒரு பிளக்கிலும் பிராசசர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டும் ஒலிக்கம்பியாலும் இணைந்திருந்தால் பூமிக்கம்பி வழியே ஒரு வட்டம் உண்டாகிவிடும். அவ்வட்டத்தில் ஓடும் மின்சாரமே இவ்வோசையாகக் கேட்கக்கூடும். இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். அல்லது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். ஓசை நின்றால் காரணம் தெரிந்துவிடும். பூமி முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று ஆலோசனை கூறுவோர் உண்டு. அதனைக் கேளாதீர்கள். அம்முள் இரைச்சலுக்காக வைத்தது அன்று; உயிருக்காக வைத்தது.

வாசிப்பது ஒரு கணம் தாமதித்துக் கேட்பதும் ஒரு தொல்லை. கணினி ஒலியைக் குடம் குடமாக அள்ளித்தான் வேலை செய்கிறது. ஒரு குடம் 1,024 அளவைகள் கொண்டதானால் நிரம்ப 21 மில்லிநொடி ஆகிறது. ஏழு மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் வாசிப்பதைக் கேட்பது போன்றது அது; போய் வருவதற்குள் இருமடங்காகும். குடத்தை 128 ஆகச் சுருக்கினால் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. பிராசசர் உள்ளவர்களுக்கு இக்கவலையே வேண்டாம். அலங்காரமெல்லாம் கணினிக்கு முன்பே முடிந்துவிடுகிறது; இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்னும் திருகைத் திறந்தால் கணினியைச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும்.

இதுவரை சொன்னவை எந்த நாட்டுக் கிட்டாருக்கும் பொருந்தும். நம் சங்கீதத்துக்கென்று ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பிராசசர்களில் ‘நாய்ஸ் கேட்’ என்று ஒரு காவலாளி உண்டு. ஒலி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்திவிடும். வாசிக்காத நேரத்தில் இரைச்சல் கேட்காதிருப்பதற்காக அது. முரசுபோல் அடித்து நிறுத்தும் இசைக்கு அது பொருத்தம். நமது பாட்டில் நடப்பது என்ன? ஒரு மீட்டு மீட்டிவிட்டு, அந்த ஒரே நாதத்தின் தேய்வில் கையை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களின் அசைவைக் காட்டுகிறோம். கமகத்தின் உயிர் தேய்கின்ற நாதத்தில் இருக்கிறது. காவலாளி அதனை இரைச்சல் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடுகிறான். பேரன் வாங்கிய பிராசசரில் கடையிலிருந்து வந்த அமைப்புக்கள் பலவற்றில் இந்தக் காவலாளி விழித்திருந்தான். ஆச்சி ஒரு சொல்லை இழுத்துப் பாடும் இடங்களில் கிட்டார் திடீர் திடீரென்று வாயை மூடிக்கொண்டதன் காரணம் அதுவே. அதனை அணைத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, பெருத்ததைத் தாழ்த்தி மெலிந்ததை உயர்த்தும் ‘கம்ப்ரெஸர்’ என்னும் பகுதியைச் சிறிதளவு சேர்த்தால் தேய்நாதம் நீண்டு ஒலிக்கும்.

மின்வாத்தியத்தில் நம் சங்கீதம் ஏறாது என்று சொல்கிறவர்களுக்கு யு. ஸ்ரீநிவாஸ் பதில் சொல்லிவிட்டார். 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த அவர், மின் மாண்டலினில் கமகங்களை வாசித்துக் காட்டினார். மின்கிட்டாரில் சுகுமார் பிரசாதும், அவருக்குப் பின் ஆர். பிரசன்னாவும் கச்சேரி செய்திருக்கிறார்கள். பெங்களூரிலேயே, பொறியியலாளரும் புல்லாங்குழல் வித்வானுமான ஜி. ராஜ் நாராயண் மின்தம்பூராவைச் செய்து 1979-இல் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டில் காட்டினார். அந்தப் பெட்டி இன்று எத்தனை வீடுகளின் பூஜையறைப் பக்கத்தில் இருந்துகொண்டு சுருதி கூட்டுகிறது! அதனையும் இன்டர்ஃபேஸில் இணைக்கலாம். அதற்கும் லைன் வாசல்தான்.

அலங்காரத்தோடு பதிந்ததிலிருந்து அலங்காரத்தைப் பிரிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எதிரொலி மிகுதியாகப் போய்விட்டால் போனதுதான். இன்டர்ஃபேஸில் வாசல் மிச்சமிருந்தால், அலங்காரமற்ற கிட்டாரையும் பக்கத்தில் ஒரு வழியில் பதிந்துகொள்வது புத்திசாலித்தனம். சில பிராசசர்கள் யு.எஸ்.பி. வழியாக இரண்டையும் சேர்த்தே அனுப்புகின்றன. நமது பேரனுக்கு வாசல் மிச்சமில்லை, எதிரொலியைக் குறைத்துக்கொண்டான்.

ஒன்பது பாடல்களும் போயின என்று ஆச்சிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் வருந்தவில்லை. இனிப் பெங்களூர் வரை பிரயாணம் செய்ய உடம்பு இடங்கொடாது என்று மட்டும் சொன்னார். ஆகவே டிசம்பர் விடுமுறையில் பேரனே புறப்பட்டான். இன்டர்ஃபேஸ் கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை. பிராசசர் நான்கு சிறிய பேட்டரிகளில் ஓடும் வகை. எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிட்டன. எந்த வாசலில் எது, எந்த விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதித் தரும்படி கேட்டான். ஆங்கிலத்தில் எழுதினால் அவனுக்கு எளிதாயிற்றே என்றோம். ஆச்சியும் பக்கத்திலிருந்து வாசித்துச் சரிபார்ப்பார்கள் என்றான். எழுதிக் கொடுத்தோம். பல ஆண்டுகளாக எத்தனையோ கோப்புகளை மொழிபெயர்த்திருக்கிறோம். வாசிக்கப் போகிறவரின் முகம் தெரிந்து எழுதியது அந்த ஒரு காகிதந்தான்.

நாசரேத்தில் முதல் நாள் காலையில் மின்சாரம் நின்றுவிட்டது. பேரன் கலங்கினான். பிறகு பார்த்தால் மடிக்கணினி பேட்டரியில், பிராசசர் பேட்டரியில்; பெங்களூர் வீட்டில் எப்போதும் அடியில் ஓடிய இரைச்சல் அங்கே இல்லவே இல்லை. மின்விசிறியும் நின்றிருந்தது. ஹெட்போனுக்கு ஆச்சி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்: ஒரு காதில் மட்டும். மற்றக் காது தம் குரலுக்கு. ஒலிபெருக்கி தேவைப்படாததால் மைக்கில் ஆச்சியின் குரல் தனியே பதிந்தது.

அந்தப் பதிவுகளை நமக்கும் அனுப்பியிருக்கிறான். சொற்களை எழுதும் வேலை பாதி முடிந்திருக்கிறது. பதினொரு பாடல்கள். நான்காவதில் ஒரு சேவல் கூவுகிறது; அதனை நீக்க வேண்டாம் என்று நாம் சொன்னோம், அவனும் நீக்கவில்லை. ஏழாவது பாடல் முடிந்து கிட்டாரின் கடைசி நாதம் முழுவதும் தேய்ந்த பின், “பதிஞ்சிட்டாய்யா?” என்று ஆச்சி கேட்பது கேட்கிறது. “பதிஞ்சிட்டு ஆச்சி, விளக்குப் பச்சையாத்தான் இருக்கு” என்கிறான் பேரன். “அப்போ இன்னொண்ணு இருக்கு, இது உங்க தாத்தாவுக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டு, அவன் கிட்டாரை எடுக்குமுன்பே ஆச்சி பாடத் தொடங்கிவிடுகிறார்.